நற்சான்று

மார்ச் 4

அன்புள்ள இருட்டுத் தம்பிக்கு,

நீ மாற்றலாகிப் போன இந்த ஒரு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். இது வாயால் சொல்கிற விஷயம் இல்லை.

என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இன்றோடு ஆறு நாள் ஆகிறது. விசாரணை முடிகிற வரைக்கும் டிப்போ வாசலை மிதிக்கக் கூடாதாம். இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, இப்போது வீட்டில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. அதையும் ஒழுங்காகப் பிடிப்பதில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். "ஒண்ணு உட்காருங்க, இல்லேன்னா வெளியில போங்க, எனக்குத் தலை சுத்துது" என்று உன் அண்ணி சொல்லிவிட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வியாழக்கிழமை காலை ஏழு மணி வண்டி. நீயும் நானும் மாறி மாறி ஓட்டிய அதே தடம்தான். சலவைக்கூடம் ஸ்டாப்பில் நின்றேன். ஏறுகிறவர்கள் ஏறினார்கள். கதவை மூடி வண்டியை எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் ஓடி வந்திருக்கிறாள், மூடுகிற கதவில் கையைக் கொடுத்திருக்கிறாள். வண்டி நகர்ந்ததும் கீழே விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தி முதலில் இறங்கி ஓடினவன் நான். தண்ணீர் கொடுத்தவன் நான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவனும் நான்தான்.

நான் அவளைப் பார்க்கவில்லை தம்பி. விபத்து என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்டனையை வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் புகாரில் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? "டிரைவர் என்னைப் பார்த்துவிட்டுத்தான் கதவை மூடினார். எங்கள் ஆட்களுக்கு அவர் நிற்பதில்லை." இந்த ஒரு வரிதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. நானா அப்படி? உன்னோடு ஒன்பது வருஷம் ஒரே டப்பாவில் கை போட்டுச் சாப்பிட்டவன். மகள் கல்யாணத்துக்கு உன்னைக் குடும்பத்தோடு கூப்பிட்டவன்.

யூனியன் செயலாளர் ஒரு யோசனை சொன்னார். அந்த ஆட்களிலேயே ஒருத்தர், அதுவும் கூட வேலை பார்த்தவர், ஒரு நற்சான்று கொடுத்தால் புகார் பிசுபிசுத்துப் போய்விடுமாம். எனக்கு உன்னை விட்டால் வேறு யார்? ஒரு பக்கம் போதும். "இவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்று மட்டும் எழுது. மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சீக்கிரம் அனுப்பு. தபால்காரர் வருகிற நேரம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

உன் அண்ணன்


மார்ச் 11

அண்ணனுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்து நான்கு நாள் ஆகிறது. இங்கே இரண்டு டிரைவர்கள் விடுப்பில் இருப்பதால் தொடர்ந்து டூட்டி. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம் என்று எழுதியிருந்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். பாதிக் காரணம்தான் அது.

உங்களை வண்டியிலிருந்து இறக்கியது எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் வீட்டில் சும்மா இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அண்ணியின் பாடு அதைவிடக் கஷ்டம்.

அந்தப் பெண்ணின் கை எப்படி இருக்கிறது? தண்ணீர் கொடுத்ததை எழுதியிருக்கிறீர்கள், ஆம்புலன்ஸ் கூப்பிட்டதை எழுதியிருக்கிறீர்கள். கையைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிறவரா, மடிக்கிறவரா? தேய்க்கிறவர் என்றால் வலது மணிக்கட்டு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. என் அம்மா பதினெட்டு வருடம் அந்த வேலை பார்த்தவர்.

நீங்கள் கேட்ட கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். "இவரோடு ஒன்பது வருடங்கள் வேலை பார்த்தேன்" என்ற முதல் வரி உடனே வந்துவிட்டது. அடுத்த வரி வரவில்லை. கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

தங்கள் தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

அவகாசமா? "நல்லவர்" என்று எழுத ஒரு மனுஷனுக்கு எத்தனை நாள் வேண்டும்? நீ கேட்டாயே என்று செயலாளரிடம் விசாரித்தேன். தேய்க்கிற வேலைதானாம். கையில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஆறு வாரம் ஆகுமாம். எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. பாவம் வேறு, பழி வேறு.

நேற்று மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். வண்டிக்குள் இருக்கிற கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார்கள். அவர், செயலாளர், நான் மூன்று பேரும் ஒரு சின்னத் திரைக்கு முன்னால் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றோம். எனக்கு என் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. வழுக்கை அவ்வளவு தூரம் போய்விட்டது என்று இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை.

முதலில் வேறொரு பதிவைப் போட்டார்கள். அதே ட்ரிப், மூன்று ஸ்டாப்புக்கு முன்னால், வங்கி ஸ்டாப். அங்கேயும் ஒரு பெண் ஓடி வருகிறாள். நான் பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறேன். கதவுப் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் மூச்சிரைக்க ஏறியதும் சிரிக்கிறேன். பதினோரு வினாடி என்று மேனேஜர் ஒரு தாளில் குறித்தார். அதற்குப் பிறகு சலவைக்கூடம். அதே கண்ணாடி, அதே தலை திரும்பல். கை பட்டனை அழுத்துகிறது. இரண்டு வினாடி. மேனேஜர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார். மூன்று தடவை நான் பட்டனை அழுத்தினேன்.

"கண்ணாடியில வெயில் அடிச்சிருக்கும்" என்றார் செயலாளர். அதுதான் தம்பி, அதுதான் நடந்திருக்கும். காலை வெயில் அந்த ஸ்டாப்பில் நேராகக் கண்ணாடியில் அடிக்கும், உனக்கே தெரியும். அன்றைக்குத் தூறல் இருந்தது, நான் குடை எடுத்துக்கொண்டு போனேன் என்று உன் அண்ணி சொல்கிறாள். அவளுக்கு எந்த நாள் எது என்று எப்போது தெரிந்திருக்கிறது?

அந்த ஆட்களும் எப்போது பார்த்தாலும் வண்டி கிளம்பும்போதுதான் ஓடி வருவார்கள். பத்து நிமிஷம் முன்னால் வந்து நின்றால் என்ன? எல்லாருக்கும் காத்திருந்தால் வண்டி எப்போது போய்ச் சேருவது? உன்னைச் சொல்லவில்லை. நீ வேற.

விசாரணை ஏப்ரல் 17. உன் கடிதம் அதற்கு முன்னால் என் கையில் இருக்க வேண்டும்.

அண்ணன்


மார்ச் 26

அண்ணனுக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை என்ன வந்தாலும் அப்படியே தபாலில் போட்டுவிடுவதாக இருக்கிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் முதல் கடிதத்தில் என்னை அழைத்த பெயரால் இனி என்னை அழைக்க வேண்டாம். நான் ஓய்வறைக்குள் நுழையும்போதெல்லாம், "இருட்டு வந்தாச்சு, லைட்டைப் போடுங்கப்பா" என்பீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முதல் நாள் சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒரு கட்டத்தில், வாசலிலேயே நின்று, நீங்கள் சொல்வதற்குள் நானே அதைச் சொல்லிக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்தேன். நானே சொன்னால் வலி குறைவு என்று ஒரு கணிப்பு.

நீங்கள் கெட்டவர் இல்லை. இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் என் மாலை டூட்டியை நீங்கள் பார்த்தீர்கள். ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. அந்த நாற்பது நாளை நினைத்துத்தான் நற்சான்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத, மற்றதும் கூடவே வந்தது.

புதிய டிரைவர்கள் வந்தால் என்னைக் காட்டி, "நம்ம பாஷையை எவ்வளவு நல்லாப் பேசுறான் பாருங்க" என்று சொல்வீர்கள். பெருமையாகத்தான் சொல்வீர்கள். நான் டிப்போவுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில் பிறந்தவன், அண்ணே. எனக்கு வேறு பாஷை தெரியாது.

உங்கள் மகள் கல்யாணத்தில், வாசலில் நின்றுகொண்டிருந்த என் கையில் உங்கள் மைத்துனர் கார் சாவியைத் திணித்து, "நிழலாப் பார்த்து நிறுத்து" என்றார். நான் புதுச் சட்டையில் இருந்தேன். பக்கத்தில் என் மனைவி பரிசுப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் பார்த்தீர்கள். ஓடி வந்து என் காதில், "விடுப்பா, ஆள் தெரியாமக் கொடுத்துட்டார், நிறுத்திட்டு வந்துடு, சாப்பிடலாம்" என்றீர்கள். நான் காரை நிறுத்திவிட்டு வந்தேன். சாப்பிட்டேன். என் மனைவி சாப்பிடவில்லை.

இதெல்லாம்கூட ஒரு பக்கம். டூட்டி முடிந்து எத்தனை நாள் உங்கள் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். சிலர் ஓடி வந்தால் நிற்பீர்கள். சிலர் ஓடி வந்தால், "அடுத்த வண்டி வருது" என்று கதவை மூடுவீர்கள். நீங்கள் யோசித்துச் செய்யவில்லை. பேச்சை நிறுத்தாமல், என்னிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டே கதவை மூடுவீர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கும். மூடின கதவுக்கு வெளியே என் சித்தி மாதிரி, என் அக்கா மாதிரி ஒருத்தர் நிற்பார். நான் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாளும் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிற ஒரே ஆளும் போய்விடுவார். அந்தப் பயத்தில் ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் இன்றைக்கு ஒருவேளை அந்தப் பெண்ணின் கை நன்றாக இருந்திருக்கும். இதில் என் பங்கு அது.

கடிதம் எழுதிவிட்டேன். கூட இருக்கும் உறையில் இருக்கிறது. நாற்பது நாளையும் எழுதியிருக்கிறேன், கதவையும் எழுதியிருக்கிறேன். விசாரணைக்கு நேராக அனுப்பாமல் உங்களிடமே அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. நகலும் வைத்துக்கொள்ளவில்லை. கொடுப்பதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம்.

தங்கள் தம்பி


மார்ச் 30

உன்னைத் தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டா என்னோடு சிரித்துக்கொண்டிருந்தாய்? விளையாட்டாகச் சொன்னது, பாசத்தில் சொன்னது. பிடிக்கவில்லை என்றால் பளிச்சென்று சொல்ல வேண்டியதுதானே? எனக்கு என்ன கனவா வரும்? அந்தச் சாவி விஷயத்தில் என் மைத்துனரை நான் திட்டியிருக்கிறேன், தெரியுமா உனக்கு? அடுத்த நாள் திட்டினேன். சரி, அடுத்த வாரம்.

உன் கடிதத்தைச் செயலாளரிடம் காட்டினேன். இதைக் கொடுத்தால் வேலையே போய்விடும், அடுப்பில் போடு என்றார். அலமாரி மேல் தூக்கிப் போட்டிருக்கிறேன். எந்த ஊர் நற்சான்று இது? நான் நிழல் கேட்டேன், நீ கூரையைப் பிரித்துவிட்டாய்.

இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 8

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உங்களைப் பற்றி நான் எழுதியதெல்லாம் பாதிப் பொய்யாகிவிடும். அதனால் எழுதுகிறேன். படிக்காவிட்டால் பரவாயில்லை.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாளிலிருந்து வண்டி ஓட்டும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய நியாயவான் போல எழுதிவிட்டோமே என்று ஒரு உறுத்தல். மூன்றாம் நாள் சந்தை ஸ்டாப்பில் ஒரு பெரியவர், எங்கள் ஆள், மூட்டையோடு சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். என் கை கதவை மூடிவிட்டது. மூடிய பிறகுதான் நான் பார்த்தேன். வண்டி நகர்ந்துவிட்டது.

ஏன் என்று அன்று முழுக்க யோசித்தேன். நான் எங்கள் ஆட்களுக்காக நின்றால், பின்னால் யாராவது, "அவன் ஆளுக்கு எவ்வளவு நேரம் நிக்கிறான் பாரு" என்பார்கள். உங்கள் டிப்போவுக்கு வருவதற்கு முன்னால், வேலையில் சேர்ந்த புதிதில் இரண்டு தடவை அப்படிக் காதில் விழுந்தது. அந்த இரண்டு தடவை போதும். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடமாக எங்கள் ஆட்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. நேர்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்.

பயம் மட்டும்தான் காரணம் என்று முடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அதுவும் முடியவில்லை. போன வாரம் எங்கள் பையன்கள் நான்கைந்து பேர் பின் சீட்டில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் உள் கண்ணாடியில் அவர்களையே நோட்டம் விட்டுக்கொண்டு ஓட்டினேன். இறங்கும்போது ஒருவன் என் பக்கத்தில் நின்று, "என்ன மாமா, வழியெல்லாம் என்னையே முறைச்சுக்கிட்டு வந்தீங்க?" என்றான். என் அக்கா மகன். நான் தூக்கி வளர்த்தவன். பயல்கள் என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது, இவன் தெரியவில்லை. அவன் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மேல் யாரும் புகார் எழுதவில்லை, அண்ணே. உங்களுக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். ஆனாலும் நான் எழுதிய கடிதத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

இனி எழுதாதே என்று சொன்ன நானே எழுதுகிறேன். நீ எட்டாம் தேதி எழுதியதை வாங்கி, பிரிக்காமல் இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிரித்துப் படித்த அன்று மறுபடி வெளியே கிளம்பிவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்லவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல், மார்ச் கடைசியிலிருந்தே காலையில் சலவைக்கூடம் ஸ்டாப்புக்குப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார ஆரம்பித்திருந்தேன். ஏன் அங்கே போனேன் என்று கேட்காதே. அவர்கள் தாமதமாக வருகிறவர்கள்தான் என்று என் கண்ணால் பார்த்து, அதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு போய் விசாரணையில் நீட்ட வேண்டும் என்ற எண்ணம் என்றுதான் நினைக்கிறேன்.

பார்த்தேன். இரவு ஷிப்ட் காலை ஏழு மணிக்கு முடிகிறது. மணி அடித்ததும் யாரும் வெளியே வருவதில்லை. கேட்டில் வரிசையாக நிற்கிறார்கள். காவலாளி ஒவ்வொருவர் பையையும் கவிழ்த்துத் துணி எதுவும் திருடியிருக்கிறார்களா என்று பார்க்கிறான். அலுவலகத்தில் இருப்பவர்கள் பக்கத்துக் கதவு வழியாக வந்துவிடுகிறார்கள், அவர்களுக்குச் சோதனை கிடையாது. வண்டி ஏழு ஐந்துக்கு. வரிசையின் கடைசியில் நிற்கிறவர்கள் ஏழு நான்குக்குத்தான் வெளியே வர முடியும், பிறகு ஓட்டம்தான். எத்தனை வருஷமாக அந்த ஸ்டாப்பில் நின்று, "இவங்களுக்கு நேரம்னா என்னன்னே தெரியாது" என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள், ஸ்டியரிங் பிடித்தாலே பாடுவாரே, நம் டிப்போ பாட்டுக்காரர், அவர் வண்டியை ஓட்டி வந்தார். எவ்வளவு நல்ல மனுஷன். பாடிக்கொண்டே கதவை மூடிவிட்டுப் போனார். வெளியே ஒரு அம்மா கையை நீட்டியபடி நின்றார். உள்ளிருந்து பார்த்தால் அது ஒன்றுமே இல்லை, தம்பி. வெளியிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

விசாரணை நாள். நீள மேஜை, மூன்று அதிகாரிகள், சுவரில் பெரிய திரை. அந்தப் பெண் தன் தங்கையோடு வந்திருந்தார். கட்டைப் பிரித்துவிட்டு வேறு ஏதோ பட்டை போட்டிருந்தார்கள். செயலாளர் எழுந்து வெயிலைப் பற்றிப் பேசினார், நன்றாகவே பேசினார். நான், "பார்க்கவில்லை" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

பதிவைப் போட்டார்கள். வங்கி ஸ்டாப் பதிவை அந்தப் பெண் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வேறொரு பெண் ஓடி வருவதையும், நான் காத்திருப்பதையும், சிரிப்பதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தெரிந்த விஷயத்தைப் பார்க்கிற முகம் அது. பிறகு அதிகாரியிடம், ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா என்று கேட்டார்.

"என்னைப் பார்த்தீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"பார்த்தேன்" என்றேன்.

மேஜைக்கு அடியில் செயலாளர் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. "கண்ணாடியில பார்த்தேன். ஓடி வர்றது தெரிஞ்சுது. கை மூடிடுச்சு. வேணும்னு செய்யலை. ஆனா பார்த்தேன்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. ஏழு வாரமாகப் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தேனே, அதுவும் பொய்யாகச் சொல்லவில்லை. நான் பார்த்தது நேராக என் கைக்குப் போய்விட்டது, எனக்கு வந்து சேரவே இல்லை. வங்கி ஸ்டாப்பில் பார்த்தது மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு உன் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். நடுவில் இருந்த அதிகாரி படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதைப் படிச்சிட்டுத்தான் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். படித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன் என்றேன்.

ஒரு வருஷம் வண்டி ஓட்டக் கூடாது, ஷெட்டில் வேலை, அதற்குப் பிறகு மறுபடி பரிசோதனை. வைத்தியச் செலவும் அவருடைய விடுப்புச் சம்பளமும் நிர்வாகம் கொடுக்கும். செயலாளர் என்னோடு பேசுவதில்லை. உன் அண்ணி உன் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்றாள். அது இப்போது கோப்பில் போய்விட்டது. அதில் இருந்ததை நானே வாயால் சொன்னேன். சாவிக் கதை வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். வெகு நேரம் வரவில்லை.

அந்தப் பெயரைச் சொன்னதற்கு உன்னிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.

அண்ணன்


மே 19

தம்பிக்கு,

ஷெட்டில் கதவுகளைப் பழுது பார்க்கிற பிரிவில் போட்டிருக்கிறார்கள். மேனேஜர் வேண்டுமென்றே போட்டாரா, இடம் காலியாக இருந்ததா, தெரியவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் மூடுவதற்கு முன்னால் வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுகிறேன். பழக்கம் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாம் மாடி. தங்கைதான் கதவைத் திறந்தார், என்னைப் பார்த்ததும் உள்ளே போய் அக்காவை அனுப்பினார். அவர் வெளியே வந்து கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு மாடிப்படியில் நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

 "நீங்க அன்னைக்கு உண்மையைச் சொன்னது எனக்கு உதவியா இருந்துச்சு. அதுக்கு நன்றி. ஆனா கை இன்னும் முழுசா மடங்கலை, இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியலை. இப்ப நீங்க வந்து அழுதா உங்களைத் தேத்தற வேலையும் நான்தானே பார்க்கணும்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "இனிமே வராதீங்க" என்றார். பழத்தையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

பழப்பையைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கோ நடந்தேன். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, தம்பி. உன்னிடம் மறைக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன், தண்டனையை வாங்கிவிட்டேன், இன்னும் என்ன வேண்டும் என்று. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றியது, நான் அங்கே கொடுக்கப் போகவில்லை, வாங்கப் போயிருக்கிறேன்.

ஒரு காரியம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. காலை வண்டியை ஏழு ஐந்திலிருந்து ஏழு பதினைந்துக்கு மாற்றச் சொல்லி மேனேஜரிடம் மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் தடவை சிரித்தார். இரண்டாம் தடவை கால அட்டவணை என் மாமனார் வீட்டுச் சொத்தா என்று கேட்டார். மூன்றாவதற்குப் பாட்டுக்காரர் உட்பட ஒன்பது டிரைவர்களிடம் கையெழுத்து வாங்கினேன். இப்போது ஏழு நிமிஷம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். பையைக் கவிழ்க்கிறவனை நான் என்ன செய்ய முடியும்? அது சலவைக்கூடத்துக்காரர்கள் விவகாரம். அங்கேயும் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன், வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நான் மாறிவிட்டேனா என்று உன் அண்ணி கேட்டாள். தெரியவில்லை என்றேன். நேற்று ஷெட்டில் புதிதாக ஒரு மெக்கானிக் வந்தார், உங்கள் ஆள். நான் என்ன ஏது என்று கேட்காமல் துடைப்பத்தை அவரிடம் நீட்டிவிட்டேன். அவர் வாங்காமல் என்னையே பார்த்தார். "மன்னிச்சிடுங்க" என்று துடைப்பத்தைத் திரும்ப எடுத்து நானே கூட்டினேன். கூட்டி முடிக்கிற வரைக்கும் அவர் நின்றுகொண்டிருந்தார்.

பதில் எழுதுவது உன் விருப்பம்.

அண்ணன்


மே 30

அண்ணனுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களையும் என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். துடைப்பம் வந்த இடத்தில் அவள் சிரித்தாள். உங்களைப் பார்த்துச் சிரித்தாளா, உங்களோடு சேர்ந்து சிரித்தாளா என்று கேட்டேன். இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள்.

அந்தப் பெண் வீட்டுக்கு இனிப் போகாதீர்கள். அவர் சொன்னதைக் கேட்பதுதான் இப்போது நீங்கள் அவருக்குச் செய்யக்கூடியது.

அந்தப் பெயருக்காக என்னிடம் என்ன சொல்வது என்று தெரிந்ததும் எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். ஒரு மாதம் காத்திருந்தேன். வரவில்லை. உண்மையைச் சொன்னால், வந்திருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கும் தெரிந்திருக்காது. "பரவாயில்லை அண்ணே" என்று என் வாய் தானாகச் சொல்லியிருக்கும். என் வாயும் உங்கள் கை மாதிரித்தான். அதைப் பழக்கப்படுத்த எனக்கும் நாள் ஆகும்.

பழையபடி ஆகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பழையது நீங்கள் நினைத்த மாதிரி இருந்ததில்லை.

அடுத்த மாதம் ஏழாம் தேதி எனக்கு விடுமுறை. இந்தத் தாளின் பின்பக்கம் என் வீட்டு முகவரியை எழுதியிருக்கிறேன். ஒன்பது வருடத்தில் நீங்கள் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை. கடைசி ஸ்டாப்பில் இறங்கி, மருந்துக்கடையை ஒட்டிய சந்தில் நடந்து வந்தால் பச்சைக் கேட். எங்கள் தெருவில் எல்லாரும் எங்கள் ஆட்கள்தான். புதிய முகம் நுழைந்தால் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். யார் வீட்டுக்கு என்று இரண்டு மூன்று பேராவது கேட்பார்கள். வேகமாக நடக்காதீர்கள். நின்று பதில் சொல்லுங்கள்.

நீங்கள் வந்தால் பேச மாட்டேன் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டு எழுதச் சொன்னவளும் அவள்தான்.

தம்பி